ஓரியின் மலையில் ஒரு காமிராக் குறி

கொல்லி மலை என்றவுடன் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளில், எலுமிச்சம் பழத்தை முகர்ந்தபடி, கண்ணை மூடிக் கொண்டு உட்கார்ந்திருந்த பஸ் பிரயாணம் சிலருக்கு ஞாபகம் வரும். சிலருக்கு அறப்பளீசுவரர் கோயிலும், ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கிப் போய்ப் பார்த்த ஆகாய கங்கை அருவியும் ஞாபகம் வரும். வீட்டுக்கு மளிகை ஜாபிதா எழுதுகிறவர்களுக்கு மலை மிளகும் பலாப் பழமும். கல்லூரியில் தமிழ் எடுத்துப் படித்தவர்களுக்கோ வல்வில் ஓரி!

ஓரியின் வில் திறமையைப் பற்றிப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். ஒரே ஓர் அம்பு. அது யானையை வீழ்த்தி, புலியைக் கொன்று, மானை உருட்டி, காட்டுப் பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பின் மேல் போய்த் தைத்து நின்றதாம். ஐந்து பிராணிகளுக்கு ஓர் அம்பு! பரிசில் வாங்கப் போன புலவர் கொஞ்சம் தாராளமாகவே பாடிவிட்டாரோ என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் குறி தப்பாத கை என்றால் அந்தக் காலத்தில் ஓரியின் கைதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்திருக்காது.

இப்போதும் ஓரியின் மலைக்குக் குறி பார்க்கிறவர்கள் போய்க் கொண்டுதான் இருக்கிறார்கள். கையில் வில்லுக்குப் பதில் காமிரா. அம்புக்குப் பதில் முழ நீள டெலிபோட்டோ லென்ஸ். வில்லேந்திகளைக் காட்டிலும் இவர்கள் எவ்வளவோ மேல். குறி சரியாக விழுந்தாலும் பறவை பறந்து போய்த் தன் குஞ்சுக்கு இரை கொடுக்கும்! ஆனால் குறி சரியாக விழ வேண்டுமே, அதுதான் கஷ்டம்.

சேலத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக் கொண்டிருக்கிறார், போடவில்லை. பள்ளிக்கூட ஆசிரியை, வயது 53. பிள்ளை முதல் சம்பளத்தில் சேர்த்த பணத்தில் அம்மாவுக்கு ஒரு காமிராவும், 100 முதல் 400 மி.மீ. வரை நீளும் ஒரு லென்ஸும் வாங்கிக் கொடுத்தானாம். அம்மா சும்மா இருப்பாரா? தம்முடைய சீட்டுப் பணத்தைப் போட்டு 2 மடங்கு டெலிகன்வர்ட்டர் ஒன்றும் வாங்கிச் சேர்த்துக் கொண்டார். பிறகு இரண்டு தடவை கொல்லி மலைக்குப் போய் 300 படங்கள் எடுத்தார். அந்த 300 படங்களில் ஒன்றில் கூடப் பறவையின் கண் துல்லியமாக விழவில்லை.

"எல்லாம் பனி மூட்டத்தில் எடுத்த மாதிரி இருக்கிறது. 'உனக்குக் கை நடுங்குகிறது, இந்த வயசில் எதற்கு இந்த வேலை?' என்று வீட்டில் சொல்கிறார்கள். எனக்கே அது நிஜம்தானோ என்று பயமாக இருக்கிறது. லென்ஸையும் கன்வர்ட்டரையும் விற்றுவிடலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, கொஞ்சம் பொறுங்கள். விற்கிற பேச்சை அப்புறம் பேசலாம். கை நடுங்குகிறதா என்ற கேள்விக்குத்தான் முதலில் பதில் காண வேண்டும். அது லென்ஸைப் பற்றிய கேள்வி மட்டும் அல்ல என்று எனக்குத் தெரியும். உங்களைப் போல் இன்னும் எத்தனையோ பேர் இதே சங்கடத்தில் இருப்பார்கள். ஆகையால் எல்லோருக்குமாகவே சொல்லி விடுகிறேன்.

டிகாக்ஷன் கணக்கு

டெலிகன்வர்ட்டர் என்பது என்ன? காமிராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டுகிற ஒரு சிறு குழாய். அதற்குள்ளும் கண்ணாடி வில்லைகள் இருக்கின்றன. தூரதரிசினியில் இப்படி ஒரு வில்லையைச் சேர்த்து உருவத்தைப் பெரிதாக்கும் வித்தை 1830-களிலேயே வந்துவிட்டது. பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயக் கணித நிபுணரின் பெயரால் அதைப் பார்லோ வில்லை என்று இன்றைக்கும் அழைக்கிறார்கள். அதே தத்துவம்தான் இங்கேயும். லென்ஸ் வரைகிற உருவத்தின் நடுப் பகுதியை மட்டும் எடுத்து, அதைப் பெரிதாக விரித்துக் கொடுக்கிறது கன்வர்ட்டர்.

விரித்துக் கொடுக்கிறது என்று சொன்னேன் அல்லவா? அந்த வார்த்தையைக் கவனியுங்கள். வீட்டில் இரண்டு பேருக்கு டிகாக்ஷன் இறக்கி வைத்திருக்கிறீர்கள். திடீரென்று நாலு பேர் வந்து நிற்கிறார்கள். வெந்நீரை விட்டு டிகாக்ஷனை நாலு டம்ளருக்கு நிரவி விடலாம், டம்ளர் நிறையும். ஆனால் காப்பிப் பொடி கூடினதா? இல்லை! கன்வர்ட்டரும் அப்படித்தான். படம் பெரிதாகிறது; லென்ஸ் பார்க்காத எதையும் அது புதிதாகப் பார்த்துச் சொல்வதில்லை. லென்ஸில் சிறு குறை இருந்தால், அந்தக் குறையையும் சேர்த்துப் பெரிதாக்கிக் காட்டும்.

முதல் டிகாக்ஷன் கெட்டியாக இருந்தால் கொஞ்சம் நிரவினாலும் காப்பி காப்பியாகவே இருக்கும். அதனால்தான் 300 மி.மீ., 500 மி.மீ. என்று ஒரே நீளத்தில் நிற்கிற உயர்ந்த லென்ஸ்களோடு கன்வர்ட்டர் நன்றாக ஒத்துப் போகிறது. நீட்டிச் சுருக்குகிற ஜூம் லென்ஸ்களில் பல அதனோடு மல்லுக்கு நிற்கின்றன. அதிலும் 1.4 மடங்கு கன்வர்ட்டர் சாது. 2 மடங்கு கன்வர்ட்டர் முரடு.

இனி வெளிச்சத்தின் கணக்கைப் பாருங்கள். 1.4 மடங்கு கன்வர்ட்டர் லென்ஸில் நுழையும் வெளிச்சத்தில் பாதியை விழுங்கி விடுகிறது. 2 மடங்கு கன்வர்ட்டர் முக்கால் பங்கை விழுங்கி, கால் பங்கைத்தான் படத்துக்கு விட்டு வைக்கிறது. சேலத்துச் சகோதரியின் லென்ஸ் 400 மி.மீ.யில் எஃப் 5.6 என்று வைத்துக் கொள்வோம். 2 மடங்கு கன்வர்ட்டரை மாட்டியதும் அது 800 மி.மீ., எஃப் 11 ஆகிவிடும்.

அத்தோடு போயிற்றா? இல்லை. வாருங்கள், உங்கள் வீட்டு ஒட்டடைக் கம்பை எடுங்கள்.

ஒட்டடைக் கம்பு சொல்லும் பாடம்

ஒட்டடைக் கம்பை அடியில் பிடித்துக் கொண்டு, அதன் நுனியால் உத்தரத்தில் ஒரு புள்ளியைத் தொட்டுப் பாருங்கள். கை ஒரு நூல் அசைந்தால் நுனி ஒரு சாண் அசையும். துடைப்பத்தைப் பிடிக்கும்போது அந்த அசைவு தெரிவதே இல்லை. கை அதே கைதான், நீளம்தான் வேறு.

நீண்ட லென்ஸின் சங்கதியும் இதுவே. அதற்காகப் பழைய புகைப்படக்காரர்கள் ஒரு வாய்ப்பாடு வைத்திருந்தார்கள். லென்ஸ் எத்தனை மி.மீ. நீளமோ, ஷட்டர் திறந்து மூடும் நேரம் ஒரு வினாடியில் அத்தனையில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. 400 மி.மீ. லென்ஸ் என்றால் 1/400 வினாடி, 800 மி.மீ. என்றால் 1/800 வினாடி. கையில் பிடித்து எடுக்கிறவர்களுக்கு இது குறைந்தபட்சக் கணக்கு. இன்றைய லென்ஸ்களுக்குள் அதிர்வைத் தணிக்கும் ஏற்பாடு இருப்பதால் சற்றுச் சலுகை உண்டு. ஆனால் அந்தச் சலுகை உங்கள் கைக்கு மட்டுமே. கிளையில் வாலை ஆட்டிக் கொண்டிருக்கும் பறவைக்கு இல்லை!

இப்போது இரண்டு கணக்கையும் கூட்டுங்கள். 2 மடங்கு கன்வர்ட்டரால் வெளிச்சம் கால் பங்காயிற்று. ஷட்டரோ முன்னைவிட இரண்டு மடங்கு வேகமாக மூட வேண்டும். ஆக, படத்தில் விழுகிற வெளிச்சம் எட்டில் ஒரு பங்கு! கொல்லி மலையின் காப்பித் தோட்டத்து நிழலில், கன்வர்ட்டர் இல்லாமல் 1/400 வினாடியில் எடுக்க ஐ.எஸ்.ஓ. 600 போதுமானால், கன்வர்ட்டரோடு 1/800 வினாடியில் எடுக்க ஐ.எஸ்.ஓ. 5000-க்கு ஏற்றியாக வேண்டும். ஏற்றினால் படத்தில் ரவை தூவினாற்போல் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஏற்றாமல் காமிராவின் போக்கிலேயே விட்டால், அது ஷட்டரை 1/100-க்கு இறக்கி விடும். அப்புறம் பனி மூட்டம்தான்!

சகோதரி, 800 மி.மீ. நீளத்தைக் கையில் தூக்கிப் பிடித்து 1/100 வினாடியில் துல்லியமாகப் படம் எடுப்பது 20 வயதுப் பயில்வானுக்கும் சுலபம் அல்ல. உங்கள் கைக்கு ஒன்றும் வந்துவிடவில்லை. இதை வீட்டில் உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. காமிரா தானாகக் குறி பார்ப்பதற்கும் வெளிச்சம் வேண்டும். கண்ணாடி வைத்த பழைய மாதிரிக் காமிராக்களில் பல, எஃப் 5.6-க்கு மேல் போனால் குறி பிடிக்கத் திணறும்; சில எஃப் 8 வரை சமாளிக்கும். எஃப் 11 என்றால் லென்ஸ் முன்னும் பின்னும் தேடிக் கொண்டே இருக்கும். அதற்குள் பறவை அடுத்த ஊர் போய்விடும். இப்போது வருகிற மிர்ரர்லெஸ் காமிராக்கள் இந்த விஷயத்தில் எவ்வளவோ தேவலை. கன்வர்ட்டர் வாங்குமுன், அது உங்கள் லென்ஸில் மாட்டுமா என்பதையும் விசாரித்துக் கொள்ளுங்கள். கன்வர்ட்டரின் முன் வில்லை சற்று வெளியே துருத்திக் கொண்டிருக்கும். எல்லா லென்ஸிலும் அதற்கு இடம் இராது. பலவந்தமாக மாட்டினால் கண்ணாடியும் கண்ணாடியும் மோதிக் கொள்ளும்.

சாமைப் பையும் மலைக் காற்றும்

சரி, நோய் தெரிந்தது. மருந்து என்ன?

முதல் மருந்து, தாங்கல். மூன்று கால் ஸ்டாண்ட் இருந்தால் உத்தமம். லென்ஸுக்கென்று உள்ள வளையத்தில் ஸ்டாண்டை மாட்ட வேண்டுமே தவிர, காமிராவின் அடியில் மாட்டக் கூடாது. முன் பாரம் தாங்காமல் ஆடும். ஸ்டாண்ட் தூக்க முடியாதவர்களுக்கு நம் வீட்டுத் தையல் மெஷின் இருக்கிறது. பழைய ஜீன்ஸ் துணியில் ஒரு முழ நீளத்துக்குப் பை தைத்து, வாயில் ஜிப் வைத்துக் கொள்ளுங்கள். ஊரிலிருந்து வெறும் பையாகவே எடுத்துப் போகலாம். கொல்லி மலை சாமைக்கும் தினைக்கும் கேழ்வரகுக்கும் பேர் போன இடம். அழிந்து போகாமல் அந்தத் தானியங்களைக் காப்பாற்ற எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே பல வருஷங்களாக மலை ஜனங்களோடு சேர்ந்து வேலை செய்திருக்கிறது. இரண்டு கிலோ சாமை வாங்கிப் பையில் முக்கால் அளவு நிரப்புங்கள். கார் ஜன்னலிலோ, பாறை மேலோ, கைப்பிடிச் சுவரிலோ பையை வைத்து, அதன் மேல் லென்ஸைக் குழந்தையைப் போலக் கிடத்துங்கள். அசையாது! எஞ்சினை மட்டும் நிறுத்தி விடுங்கள். காரின் நடுக்கமும் கை நடுக்கத்தில் சேர்த்திதான். ஊர் திரும்பியதும் சாமையைச் சோறாக வடித்து விடலாம். இப்படி ஒரு சாமானை எந்தக் காமிராக் கடையிலும் விற்க மாட்டார்கள்.

தாங்கல் இல்லாத இடத்தில் முழங்கைகளை விலாவோடு ஒட்டிக் கொள்ளுங்கள். இடது கை லென்ஸின் அடியில் இருக்கட்டும். மூச்சை இழுத்துப் பாதி விட்டு நிறுத்தி, பொத்தானைப் பதற்றம் இல்லாமல் அமுக்குங்கள். தொடர்ச்சியாக மூன்று நாலு படங்கள் எடுத்தால், முதல் படத்தில் விரல் அமுக்கிய அதிர்ச்சி இருக்கும். நடுப் படங்களில் ஒன்று நன்றாக விழக்கூடும்.

இரண்டாவது மருந்து, காற்றைப் பார்ப்பது. தோசைக் கல்லின் மேல் அந்தப் பக்கத்துச் சுவர் நெளிவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? வெயில் ஏறினதும் தார் ரோட்டின் மேலும் பாறையின் மேலும் காற்று அப்படியே நெளியும். அதன் வழியாக எடுத்த படத்தை எவ்வளவு உயர்ந்த லென்ஸாலும் துல்லியமாக்க முடியாது. எந்திரிச்சதும் கிளம்பி, காலை ஒன்பது மணிக்குள் படம் எடுத்து முடித்து விடுங்கள். அல்லது ஒரு மழை பெய்து ஓய்ந்த பிறகு எடுங்கள். மூடுபனி இறங்கினால் காமிராவைப் பையில் போட்டு விட்டு, சுக்குக் காப்பி சாப்பிடலாம். ஏ.சி. காரிலிருந்து சில்லென்று இறக்கிய லென்ஸ் மேல், வெளிக்காற்றின் ஈரம் வியர்த்துப் படியும். துடைக்கத் துடைக்கப் படியும். பையை மூடியபடியே வெளியில் கால் மணி நேரம் வைத்திருந்து, பிறகு எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது மருந்து, கண்ணைக் குறி வைப்பது. நீண்ட லென்ஸில் துல்லியமாக விழும் ஆழம் ரொம்பக் குறைவு. 400 மி.மீ. லென்ஸில் எஃப் 5.6 வைத்து 5 மீட்டர் தூரத்தில் உள்ள பறவையை எடுத்தால், ஏறக்குறைய 5 செ.மீ. ஆழம்தான் தெளிவாக இருக்கும். அதாவது இரண்டே அங்குலம். அந்த இரண்டு அங்குலம் பறவையின் சிறகில் விழுந்தால் மூக்கு மங்கும். வாலில் விழுந்தால் முகமே மங்கும். காமிராவில் ஒற்றைப் புள்ளிக் குறியைத் தேர்ந்து, அதைக் கண்ணின் மேல் வையுங்கள். கண் பளிச்சென்று இருந்தால், மற்றது கொஞ்சம் முன்பின் இருந்தாலும் பார்க்கிறவர்கள் மன்னித்து விடுவார்கள்.

இலவசக் கன்வர்ட்டர்

நான்காவது மருந்துதான் பெரிய மருந்து. அதற்குக் காசு வேண்டாம், பொறுமை வேண்டும்.

சிவப்பு மீசைச் சின்னான் என்ற குருவியைத் தெரியுமா? தலையில் கூரிய கொண்டை, கன்னத்தில் குங்குமத் தீற்று. நம் மலைப் பிரதேசங்களில் தோட்டம் துரவெல்லாம் அதன் பேச்சுக் குரல்தான். நீளம் சுமார் 20 செ.மீ. அது 20 மீட்டர் தூரத்தில் இருந்தால், 400 மி.மீ. லென்ஸ் வழியாக அதன் உருவம் காமிராவுக்குள் 4 மி.மீ. அளவில் விழும். 2 மடங்கு கன்வர்ட்டர் போட்டால் 8 மி.மீ. சரி, கன்வர்ட்டரை எடுத்து விடுங்கள். அதே குருவி 10 மீட்டர் தூரத்துக்கு வரட்டும். அப்போதும் 8 மி.மீ.தான்! வெளிச்சம் குறையவில்லை, நடுக்கம் கூடவில்லை, நடுவில் இருந்த காற்றும் பாதியாகி விட்டது.

"அது எப்படி ஸ்வாமி வரும்?" என்று கேட்பீர்கள். துரத்தினால் வராது. உண்ணிச் செடி பழுத்திருக்கும் வேலியோரம், அத்தி மரத்தடி, தண்ணீர் கசிகிற பாறையிடுக்கு என்று அது வருகிற இடமாகப் பார்த்து, முன்பே போய் உட்கார்ந்து விட வேண்டும். அரைமணி நேரம் ஆடாமல் அசையாமல், பளபளப்புப் புடவை இல்லாமல், செல்போன் மணி இல்லாமல் உட்கார்ந்தால், அந்த இடத்தில் நீங்களும் ஒரு கல்லாகி விடுவீர்கள். கல்லுக்குப் பறவை பயப்படாது.

நம்பாதவர்கள் எம். கிருஷ்ணனைப் பற்றிக் கேட்டுப் பார்க்க வேண்டும். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை அவர். 1912-ல் பிறந்தார். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950 முதல் 1996-ல் காலமாகும் வரை, 46 வருஷம் இயற்கையைப் பற்றி விடாமல் பத்தி எழுதினார். 1970-ல் பத்மஸ்ரீ பட்டம் பெற்றார். தமிழிலும் அருமையாக எழுதினார்; அந்தக் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்து, 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற பெயரில் புத்தகமாகக் கொண்டு வந்தார்.

கிருஷ்ணன் காட்டு யானைகளை எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்த்தால், யானையின் தோல் மடிப்பை ஒவ்வொன்றாக எண்ணலாம். அவரிடம் இருந்த காமிரா என்ன தெரியுமா? ஒரு கம்பெனியின் உடல், இன்னொரு கம்பெனியின் லென்ஸ், மற்றப் பாகங்கள் வேறு வேறு என்று அவரே ஒட்டுப் போட்டுச் சேர்த்தது. அந்த விசித்திரப் பிராணிக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று ஒரு தடபுடலான பெயரும் வைத்திருந்தார்! தானாகக் குறி பார்க்காது, அதிர்வைத் தணிக்காது, எடுத்த படம் எப்படி வந்தது என்று அங்கேயே காட்டவும் செய்யாது. பிலிமைக் கழுவினால்தான் தெரியும். பின்னே எப்படி எடுத்தார்? முதுமலைக் காடுகளில் யானை மேல் ஏறியும் கால்நடையாகவும் வருஷக் கணக்கில் அலைந்தார். எந்தப் பிராணி எப்போது எங்கே வரும், எவ்வளவு கிட்டப் போனால் பொறுத்துக் கொள்ளும், காதை எப்படி அசைத்தால் கோபம் என்று அறிந்திருந்தார். அந்த அறிவுதான் அவருடைய கன்வர்ட்டர்.

அது குறித்த எல்லை

இந்த இடத்தில் ஒரு வார்த்தை கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். கிட்டப் போவது நல்லது என்றேன். ஆனால் எவ்வளவு கிட்ட என்று தீர்மானிக்கிற உரிமை நமக்கு இல்லை. எல்லைக் கோட்டைப் போடுவது பறவையும் மிருகமும்தான். இரை தின்பதை நிறுத்திக் கழுத்தை நீட்டிப் பார்த்தால், நாம் எல்லையைத் தொட்டு விட்டோம் என்று அர்த்தம். கத்தத் தொடங்கினால் தாண்டி விட்டோம். வாயில் புழுவை வைத்துக் கொண்டு கூட்டுக்குப் போகாமல் கிளை கிளையாகத் தாவினால், அது கூட்டை நமக்குக் காட்டப் பயப்படுகிறது என்று அர்த்தம். நாம் ஒரு படத்துக்காக நிற்கிற அரைமணி நேரம், உள்ளே இருக்கும் குஞ்சுக்குப் பட்டினி. இலையை விலக்கிப் படம் எடுத்து விட்டுப் போனாலோ, அந்த வழியாக வெயிலும் நுழையும், காக்கையும் நுழையும். ஆகையால் கூட்டின் பக்கம் காமிராவோடு போகவே வேண்டாம். செல்போனில் பறவைக் குரலை ஒலிக்க விட்டு ஏமாற்றி வரவழைப்பதும் கூடாது.

வளைவுகளில் உட்கார்ந்திருக்கும் குரங்குகளுக்கு வாழைப்பழம் நீட்டி, அது பிடுங்கும்போது படம் எடுக்கிறார்கள். அந்தக் குரங்கு பிறகு ஒவ்வொரு வண்டியின் முன்னும் பாயக் கற்றுக் கொள்கிறது. ஏதாவது ஒரு வண்டியால் நிறுத்த முடியாமல் போகும். அந்தப் படம் எவ்வளவு துல்லியமாக இருந்து என்ன?

1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பிராணிகளைத் தொந்தரவு செய்வதையும் குற்றத்தில் சேர்த்திருக்கிறது. காப்புக் காட்டுக்குள் போவதற்கு வனத் துறையின் அனுமதி வேண்டும். ஆனால் கொல்லி மலையில் படம் எடுக்கக் காட்டுக்குள் நுழைய வேண்டும் என்பதே இல்லை. செம்மேட்டைச் சுற்றியுள்ள தோட்டத்து வேலிகளும், சில்வர் ஓக் மரங்களில் ஏறியிருக்கும் மிளகுக் கொடிகளும், கோயில் பக்கத்து ஆற்றங்கரையும் போதும்.

அப்படியானால் கன்வர்ட்டர் எதற்குத்தான் உதவும் என்கிறீர்களா? அந்த எல்லைக் கோடு இருக்கிறதே, அதற்குத்தான்! அடிமேல் அடி வைத்துப் போய், பறவை போட்ட கோட்டில் நின்ற பிறகும் உருவம் சிறிதாக இருந்தால், அப்போது கன்வர்ட்டரை மாட்டுங்கள். நல்ல வெளிச்சமும் நல்ல தாங்கலும் இருக்க வேண்டும். எஃப் எண்ணை இன்னும் ஒரு படி கூட்டி வைத்தால் துல்லியம் சற்றுத் தேறும். இன்னோர் உபகாரமும் உண்டு. லென்ஸ் எவ்வளவு கிட்டத்தில் குறி பிடிக்குமோ, அந்தத் தூரம் கன்வர்ட்டர் போட்டாலும் மாறுவதில்லை. ஆகையால் பட்டாம்பூச்சியையும் தட்டான் பூச்சியையும் பெரிதாக எடுக்க இது மெத்த உதவி.

மொட்டை மாடிப் பரீட்சை

சேலத்துச் சகோதரி இனி மலைக்கு ஏறுமுன், வீட்டிலேயே ஒரு பரீட்சை வைத்துப் பார்க்கட்டும். மொட்டை மாடிச் சுவரில் தினசரித் தாள் ஒன்றை ஒட்டுங்கள். 10 மீட்டர் தள்ளி, சாமைப் பை மேல் காமிராவை வைத்து, கையால் தொடாமல் சுயமாக எடுக்கும் பொத்தானைப் போட்டு, கன்வர்ட்டர் இல்லாமல் ஒரு படம். கன்வர்ட்டரோடு ஒரு படம். முதல் படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, இரண்டையும் ஒரே அளவில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எதில் சிறிய எழுத்து தெளிவாகப் படிக்க முடிகிறது? கன்வர்ட்டர் படத்தில் என்றால், அதை வைத்துக் கொள்ளுங்கள். கன்வர்ட்டர் இல்லாத படத்தில் என்றால், உங்கள் லென்ஸுக்கும் அதற்கும் ஜாதகப் பொருத்தம் இல்லை. கன்வர்ட்டரை மட்டும் விற்று விடுங்கள். அந்தப் பணத்தில் நல்ல ஸ்டாண்ட் ஒன்று வாங்கலாம். இரண்டு படமும் தெளிவாக இருந்தால் லென்ஸின் மேலும் குற்றம் இல்லை என்று ஆகிறது.

லென்ஸை மட்டும் எந்தக் காரணத்தைக் கொண்டும் விற்க வேண்டாம். பிள்ளை முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவருக்கு, ஓர் இடத்தில் பொறுமையாக உட்கார்ந்து, ஒரு சின்ன ஜீவன் என்ன செய்யப் போகிறது என்று கவனித்துக் கொண்டே இருக்கிற வித்தையை யாரும் கற்றுத் தர வேண்டியதில்லை. 20 வயதில் யாருக்கும் சுலபத்தில் வராத வித்தை அது.

பரீட்சை முடிந்ததும் தாளைக் கிழித்து விட்டு, கைப்பிடிச் சுவரில் ஒரு பிடி சோறு வையுங்கள். காக்கை வரும். கறுப்புப் பறவைதானே என்று அலட்சியம் வேண்டாம். கறுப்பு முகத்தில் கறுப்புக் கண்ணைப் பளிச்சென்று பிடிப்பதைப் போல் கஷ்டமான காரியம் இல்லை. கன்வர்ட்டர் இல்லாமல், 1/500 வினாடியில், பையின் மேல் லென்ஸை வைத்துக் கொண்டு, ஒரு வாரம் தினமும் பத்துப் படம் எடுங்கள். என்றைக்குக் காக்கையின் கண்ணுக்குள் உங்கள் வீட்டு மொட்டை மாடியும் வானமும் சின்னப் பொட்டாகத் தெரிகிறதோ, அன்றைக்குக் கொல்லி மலைக்குப் பஸ் ஏறலாம்.